கண்ணீர் வடித்தோம், கணக்கெடுத்தோமா?

விதி! இந்த இரண்டெழுத்துச் சொல்லைப்போல் இந்த நாட்டில் குற்றவாளிகளுக்குத் துணைநின்ற வழக்கறிஞர் வேறொருவர் இலர். கட்டணம் கேட்பதில்லை, வாய்தா வாங்குவதில்லை, குறுக்கு விசாரணைக்கு நிற்பதில்லை. ஆயினும் ஒவ்வொரு வழக்கிலும் அதற்கே வெற்றி!

பள்ளிக்கூடத்துக் கூரை பற்றியெரிந்து பச்சிளம் பிள்ளைகள் கருகினரா? விதி! வெடிமருந்து வெடித்துப் பிஞ்சுக் கரங்கள் சிதறினவா? விதி! ஒரு சிறுமியின் வாழ்வை, அவளும் அவள் பெற்றோரும் நம்பிய ஒருவனே சீரழித்தானா? அது அவள் தலையெழுத்து! எழுதியவர் யார், எந்த அலுவலகத்தில், எந்தப் பேனாவால் எழுதினார் என்று எவரும் கேட்பதில்லை. கேட்டுத் தேடிப் பார்ப்போமானால் தெரியும் தோழர்களே, அந்த எழுத்து பிள்ளையின் தலையிலே எழுதப்பட்டதன்று, தாளிலே எழுதப்பட்டது! பார்க்காமலே பார்த்ததாகப் போடப்பட்ட கையொப்பம் அது. கேட்டும் கேளாததுபோல் மூடப்பட்ட கதவு அது. “நமக்கேன் வம்பு” என்று விழுங்கப்பட்ட வார்த்தை அது.

ஒரு குழந்தைக்குப் பெருங்கொடுமை நேர்ந்தபின் ஒரு சமுதாயம் செய்யவேண்டிய காரியங்கள் நான்கு. முதலாவது, அழுவது. இரண்டாவது, பெற்றவர்க்குத் துணைநிற்பது. மூன்றாவது, குற்றவாளியைத் தண்டிப்பது. நான்காவது, அந்தக் கொடுமை எவ்வெவ் வாயில்கள் வழியே நுழைந்தது, எந்தெந்த இடத்தில் யார் தடுத்திருக்கக்கூடும், ஏன் தடுக்கவில்லை என்று ஆராய்ந்து, அதனை ஊரறியச் சொல்லி, அந்த வாயில்களை அடைப்பது. முதற் காரியத்தில் நாம் வல்லவர்கள். இரண்டாவதை இழப்பீட்டுத் தொகையாகச் செய்கிறோம். மூன்றாவதைப் பத்தாண்டு கழித்தேனும் செய்கிறோம். நான்காவது? அதைச் செய்யவேண்டும் என்ற நினைப்பே நமக்கு இல்லை!

*

குடந்தையை எவரும் மறந்திருக்க முடியாது. 2004-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 16-ஆம் நாள். உதவிபெறும் தனியார் பள்ளியொன்றில், சத்துணவு சமைக்கப்பட்ட இடத்தில் எழுந்த தீ, கீற்றுக் கூரைக்குத் தாவிற்று. கூரையின் கீழே வகுப்பு. வெளியேறக் குறுகலான வழி. 94 குழந்தைகள் மாண்டனர். நாடே நடுங்கிற்று. நீதிபதி சம்பத் தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. வழக்கும் தொடரப்பட்டது. பத்தாண்டுகள் உருண்டோடி, 2014 சூலை 30-ஆம் நாள் தஞ்சை நீதிமன்றம் 10 பேரைக் குற்றவாளிகள் என்றது. 11 பேரை விடுவித்தது. அந்தத் தீயில் தப்பிய பிள்ளை ஒன்றாம் வகுப்பிலே படித்திருந்தால், தீர்ப்பு வந்த நாளில் பதினொன்றாம் வகுப்புக்கு வந்திருக்கும்!

இதிலே நம் நெஞ்சைச் சுடவேண்டிய செய்தி இன்னொன்று உண்டு. அதே 2004-ஆம் ஆண்டு, சனவரி 23-ஆம் நாள், திருவரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தில் கீற்றுப் பந்தல் தீப்பற்றி, மணமகன் உள்ளிட்ட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். திருவரங்கத்துக்கும் குடந்தைக்கும் இடையே எவ்வளவு தொலைவு? ஒரே காவிரி பாயும் நிலம்! இரண்டு தீக்கும் இடையே எவ்வளவு காலம்? ஆறு திங்களுக்கும் குறைவு! கூட்டம் கூடும் இடத்திலே கீற்று எமனாகும் என்ற பாடத்தை ஐம்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கட்டணமாகக் கொடுத்துக் கற்கவேண்டிய நாடு, அந்தப் பாடத்தைத் திருமண மண்டபத்துக்கான பாடம் என்றே எண்ணிவிட்டது. பள்ளிக்கூடத்துக் கூரையும் அதே கீற்றுத்தானே என்று அண்ணாந்து பார்க்க ஒரு கண் இல்லாமற் போயிற்று.

குடந்தைக்குப் பின் பள்ளிகளிலே கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன, மறுக்கவில்லை, மகிழ்கிறோம். 2009-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் நாள் உச்ச நீதிமன்றமும், அச்சமின்றிப் பாதுகாப்பான பள்ளியிலே பயில்வது குழந்தையின் அடிப்படை உரிமை என்று உரைத்தது. நல்லது. ஆனால் 2021 திசம்பர் 17-ஆம் நாள் நெல்லையில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் சரிந்து மூன்று மாணவர்கள் மாண்டனரே! உடனே மாநிலமெங்கும் பாழடைந்த பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்கத் தொடங்கினோம்.

கூரை எரிந்தால் கூரையைப் பிரிக்கிறோம். சுவர் விழுந்தால் சுவரை இடிக்கிறோம். ஆனால் கூரையையும் சுவரையும் பார்வையிடவேண்டியவர் யார், அவர் பார்த்தாரா, பார்த்தவர் சொன்னாரா, சொன்னதைக் கேட்டவர் என்ன செய்தார் என்ற கேள்வி மட்டும் இடிபாட்டுக்கு அடியிலேயே கிடக்கிறது. அந்தக் கேள்விதான் அடுத்த விபத்தைத் தடுக்கவல்லது. அடுத்தது கூரையாகவும் வராது, சுவராகவும் வராது. வேறொரு வேடத்திலே வரும்!

“நீதிமன்றம் இருக்கிறதே, அது விசாரிக்கவில்லையா?” என்பர். நீதிமன்றத்தின் வேலை வேறு. இந்தக் குற்றத்தை இன்னார் செய்தார் என்பது ஐயமற மெய்ப்பிக்கப்பட்டதா என்பதே அதன் கேள்வி. மெய்ப்பிக்கப்பட்டால் சிறை, இல்லையேல் விடுதலை. குற்றம் என்று சட்டம் சொல்லாத அசட்டை, பிழை என்று விதிப்புத்தகம் சொல்லாத சோம்பல், ஓர் அலுவலகம் அறிந்ததை அடுத்த அலுவலகம் அறியாத அவலம், இவையெல்லாம் குற்றக் கூண்டில் ஏறுவதில்லை. குழந்தைகளைக் கொல்வதில் இவற்றுக்குள்ள பங்கோ பெரிது!

விசாரணை ஆணையங்களைப் பற்றியும் ஒரு சொல். 1952-ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசு அமைக்கும் ஆணையத்தின் அறிக்கையை, எடுத்த நடவடிக்கையோடு சேர்த்து ஆறு திங்களுக்குள் மாமன்றத்தின் முன் வைக்கவேண்டும். மேசைமேல் வைப்பதோடு சட்டத்தின் கடமை முடிந்தது! அந்த அறிக்கை ஒரு பள்ளியின் ஆசிரியர் அறைக்கு வரவேண்டும் என்றோ, ஊராட்சி அலுவலகத்திலே படிக்கப்படவேண்டும் என்றோ எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பள்ளி ஆசிரியன் என்ற முறையிலே சொல்கிறேன்: எங்களுக்குச் சுற்றறிக்கைகள் வருகின்றன, “செய்க”, “செய்யற்க” என்று வருகின்றன. “இன்ன இடத்திலே இன்ன கொடுமை நடந்தது, இன்னின்ன வாயில்களில் அதைத் தடுத்திருக்கலாம், நீர் அந்த வாயிலில் நின்றிருந்தால் என்ன செய்திருப்பீர்?” என்று கேட்டு ஒரு தாள் வந்து நான் கண்டதில்லை. கட்டளை வருகிறது, காரணம் வருவதில்லை. காரணம் அறியாத கட்டளைக்குப் பெயர் சடங்கு! சடங்கை ஒழிக்கப் புறப்பட்ட இளைஞர்களே, அலுவலகச் சடங்கும் சடங்குதான் என்பதை மறவாதீர்.

*

பிற நாட்டார் என்ன செய்தனர்? எல்லா வகையிலும் அவர்களே மேலோர் என்று கொண்டாடுவதற்காக அன்று, அவர்கள் வென்றதையும் தோற்றதையும் எடைபோடுவதற்காகப் பார்ப்போம்.

1945 சனவரியில், இங்கிலாந்தின் ஒரு பண்ணை வீட்டில், தென்னிசு ஒநீல் என்ற 12 வயதுச் சிறுவன், வளர்ப்புத் தந்தையின் அடியாலும் பட்டினியாலும் மாண்டான். அவனை அங்கே அனுப்பியது ஒரு நகராட்சி. அந்தப் பண்ணை இருந்தது வேறொரு மாவட்டத்தில். இவர் பார்த்துக்கொள்வார் என்று அவரும், அவர் பார்த்துக்கொள்வார் என்று இவரும் இருந்தனர். உலகப் போர் நடந்துகொண்டிருந்த அந்த நேரத்திலும், சர் வால்ட்டர் மாங்டன் என்பாரை விசாரிக்கச் செய்து, அந்த ஆண்டிலேயே அறிக்கையை வெளியிட்டனர். 1948-இல் குழந்தைகளுக்கெனத் தனிச் சட்டம் பிறந்தது. ஏழைச் சிறுவன் ஒருவனுக்காக ஒரு நாடு தன்னையே கேள்வி கேட்டது!

அதோடு கொடுமை ஒழிந்ததா? இல்லை. 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் இலண்டனில் விக்டோரியா கிளிம்பி என்ற எட்டு வயதுச் சிறுமி இறந்தாள். ஆப்பிரிக்காவின் ஐவரி கோசுட்டு நாட்டிலிருந்து, நல்ல கல்வி கிடைக்கும் என்ற நம்பிக்கையிலே பெற்றோர் உறவுக்காரியோடு அனுப்பிவைத்த மகள். அவள் உடலிலே 128 காயங்கள்! இலார்டு இலாமிங் என்பார் விசாரித்து, 2003-இல் அறிக்கை தந்தார். மருத்துவர், காவலர், சமூகப் பணியாளர் என்று பலரும் அவளைக் கண்டிருந்தனர். காப்பாற்றக் குறைந்தது 12 வாய்ப்புகள் வந்தும் அத்தனையும் தவறின என்று அந்த அறிக்கை எண்ணிக் காட்டிற்று. அவளைக் கண்ட மதகுருமாரோ, அவளுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்றனர்! காயம்பட்ட குழந்தையைக் கண்டு காவலரைக் கூப்பிடாமல் கடவுளைக் கூப்பிட்ட மடமை, இலண்டன் மாநகரிலும் இருந்தது. பேயோட்டும் பூசாரியை ஊர்தோறும் வைத்திருக்கும் நாம் அதைக் கேட்டு நகைக்க உரிமையற்றவர்கள்.

அந்தப் பாடமும் ஒரே நாளில் பலித்துவிடவில்லை. விக்டோரியா வாழ்ந்திருந்த அதே ஃகாரிங்கே பகுதியில், 2007-இல், பீட்டர் என்ற 17 திங்கள் குழந்தை, அலுவலர்கள் பலமுறை வந்து பார்த்திருந்தும் அடிபட்டு இறந்தது. நாடு கொதித்தது. ஓர் உயர் அலுவலரைத் தொலைக்காட்சியிலே அறிவித்து நீக்கினர். முறையின்றி நீக்கினர் என்று 2011-இல் நீதிமன்றம் கண்டது. அதே ஆண்டு பேராசிரியை ஐலீன் மன்ரோ தந்த ஆய்வு உண்மையை உடைத்துச் சொன்னது: பழிபோட ஆள் தேடுவதால் அலுவலர்கள் அஞ்சி, குழந்தையைப் பார்ப்பதை விட்டுப் படிவத்தைப் பார்க்கத் தொடங்கினர், தவறு செய்தவர் யார் என்பதோடு நில்லாமல், அவருக்கு அப்போது அது சரியெனத் தோன்றியது ஏன் என்றும் கேளுங்கள் என்றது. இன்று அந்நாட்டில், குழந்தை ஒன்று கொடுமையால் மாண்டாலோ பெருந்தீங்குற்றாலோ, குற்ற வழக்குக்குப் புறம்பாக, படிப்பினைக்கென்றே ஆய்வு நடத்தி வெளியிடும் முறை சட்டத்தின்படி இருக்கிறது.

தவறுகிறார்கள், தவறியதை எழுதி வைக்கிறார்கள், எழுதியதைப் பொதுமக்கள் முன் வைக்கிறார்கள், மறுபடி தவறினால், முன்பு எழுதியதை எடுத்துக்காட்டி முகத்தில் அறைகிறார்கள். நாமும் தவறுகிறோம். ஆனால் எழுதி வைக்காததால், ஒவ்வொரு முறையும் முதன்முறை தவறியவர்போலவே திகைத்து நிற்கிறோம்!

*

இலண்டன் தொலைவு, குடந்தையும் தொலைவு என்போர், நம் அண்டையில் இருக்கும் சிவகாசியைப் பார்க்கட்டும். திருவில்லிபுத்தூரிலிருந்து பேருந்திலே ஒரு மணி நேரம் ஆகாத ஊர். 1976-ஆம் ஆண்டு, தீப்பெட்டி ஆலைக்குக் குழந்தைகளை ஏற்றிச் சென்ற வண்டி வெள்ளத்தில் சிக்கி, முப்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் மாண்டனர். ஃகர்பன்சிங் என்ற அதிகாரியைக் கொண்டு அரசு ஆராய்ந்தது. விடியுமுன் பிள்ளைகளை வண்டியிலே அள்ளிச் செல்லும் வழக்கத்தை நாடு அன்றே அறிந்தது. அறிந்து என்ன பயன்? 1985-ஆம் ஆண்டு முடிவிலே, பதிவுபெற்ற தீப்பெட்டி ஆலைகளில் மட்டும் 2,941 குழந்தைகள் வேலை செய்ததாகக் கணக்கு. பதிவில் ஏறாத வீட்டுத் திண்ணைகளின் கணக்கை யார் எடுத்தது?

1990 அக்டோபர் 31-ஆம் நாள் உச்ச நீதிமன்றமே, உற்பத்தியிலே குழந்தைகள் கூடா, ஆனால் அடுக்கிக் கட்டும் வேலையிலே, உற்பத்தி நடக்கும் இடத்துக்கு அப்பால், அமர்த்தலாம் என்றது. பிஞ்சுக் கரங்கள் அந்த வேலைக்குப் பொருத்தமாம்! மறு ஆண்டே, 1991-இல், சிவகாசிப் பட்டாசு ஆலை ஒன்றில் நேர்ந்த வெடி விபத்தில் 39 பேர் உயிரிழந்தனர். நீதிமன்றம் வழக்கறிஞர் குழுவை அனுப்பி ஆராயச் செய்தது. 1996 திசம்பர் 10-ஆம் நாள்தான், தீங்கான தொழிலிலே குழந்தையே கூடாது, அமர்த்தியவன் ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் கட்டவேண்டும், அந்தக் குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு வேலை தேடித் தரவேண்டும், இயலாவிடில் அரசு 5,000 ரூபாய் சேர்க்கவேண்டும், குழந்தை பள்ளிக்குப் போகவேண்டும் என்று தீர்ப்பு வந்தது.

1976-இல் கண்ட உண்மை, 1996-இல் தீர்ப்பாயிற்று. இருபதாண்டுகள்! வெள்ளத்தில் போன பிள்ளைகளோடு பிறந்த தங்கைகளும் அந்த இடைவெளியிலே அதே வண்டியில் ஏறியிருப்பர். வளர்ந்து, தம் பிள்ளைகளையும் ஏற்றியிருப்பர். பாடம் தாமதமானால், அதன் விலையைக் கொடுப்பது அறிக்கை எழுதியவர் அல்லர். அடுத்த தலைமுறைக் குழந்தை!

*

இனி நம் ஊர்களுக்கு வருவோம். திருவில்லிபுத்தூரில் 192 அடிக் கோபுரம் நிற்கிறது. தமிழக அரசின் இலச்சினையிலே இருப்பது எங்கள் கோபுரமே என்று பெருமை பேசுகிறோம். பேசட்டும். ஆனால் 192 அடி உயரத்துக்கு அண்ணாந்து பார்க்கும் கண், மூன்றடி உயரக் குழந்தையைக் குனிந்து பார்க்கிறதா? துளசிச் செடியடியில் கண்டெடுக்கப்பட்ட பெண்மகவு என்று ஆண்டாளின் கதையை ஆண்டுதோறும் சொல்லி மகிழ்கிறோம். இன்று நம் தெருவிலே ஆதரவற்ற குழந்தை ஒன்று கண்டெடுக்கப்பட்டால், 24 மணி நேரத்துக்குள் 1098 என்ற எண்ணுக்கோ, காவல் நிலையத்துக்கோ, குழந்தைகள் நலக் குழுவுக்கோ சொல்லவேண்டும் என்பது சட்டம் என்று, அந்தக் கதையைக் கேட்டு உருகுவோரில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்தக் கோபுரத்தின் ஊரில்தான் மாவட்ட முதன்மை நீதிமன்றம் இருக்கிறது. விருதுநகர் மாவட்டத்துக் குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்ற வழக்குகள், அந்தப் போக்சோ வழக்குகள், அங்கேதான் விசாரிக்கப்படுகின்றன. அந்த நீதிமன்றத்திலே முடிந்த ஒவ்வொரு வழக்குக் கட்டும் ஒரு பாடப்புத்தகம்! குழந்தை முதலில் யாரிடம் சொன்னது? கேட்டவர் எத்தனை நாள் வாய்மூடி இருந்தார்? “வெளியே தெரிந்தால் குடும்ப மானம் போகும்” என்றவர் யார்? “பேசி முடித்துக்கொள்ளலாம்” என்று பஞ்சாயத்துப் பண்ணியவர் யார்? தீர்ப்பு எழுதப்பட்டதும் அந்தப் புத்தகம் மூடப்படுகிறது. குற்றவாளி சிறைக்குப் போகிறான். பாடம் பதிவறைக்குப் போகிறது!

2007-இல் நடுவணரசின் பெண்கள் குழந்தைகள் நல அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளைக் கேட்டு வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு 53 பேர் ஏதேனும் ஒருவகைப் பாலியல் கொடுமைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். பெரும்பாலோர் அதை எவரிடமும் சொன்னதில்லை. 2012 நவம்பர் 14 முதல் போக்சோ சட்டம் நடப்பில் இருக்கிறது. அதன்படி, குற்றம் நடந்ததையோ நடக்கக்கூடும் என்பதையோ அறிந்த எவரும் காவல் துறைக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிடில் ஆறு திங்கள் வரை சிறை. நிறுவனத்தின் தலைவர் மறைத்தால் ஓராண்டு வரை.

சட்டம் இருந்தும் 2024 ஆகத்தில் என்ன நடந்தது? கிருட்டிணகிரி மாவட்டம் பர்கூர் அருகே ஒரு தனியார் பள்ளியில், தேசிய மாணவர் படை முகாம் என்ற பெயரால் ஒரு போலி முகாம்! மாணவியர் சீரழிக்கப்பட்டதாக வழக்கு. செய்தியறிந்தும் மறைத்ததாகப் பள்ளியைச் சேர்ந்தோரும் கைது. அந்தப் படைக்கும் முகாமுக்கும் தொடர்பே இல்லை என்று பின்னர் தெரிந்தது. பின்னர்! முன்பே ஒரு தொலைபேசி அழைப்புப் போதுமே? “நீர் யார், உம்மை அனுப்பியவர் யார்?” என்று ஒரு தாள் கேட்டிருந்தால் போதுமே? சீருடையைக் கண்டதும் கேள்வி செத்தது. காவியைக் கண்டு கைகூப்புவது மட்டுமா மூடநம்பிக்கை? காக்கியைக் கண்டு கைகட்டுவதும் மூடநம்பிக்கையே! அந்நிகழ்ச்சியை ஆராயச் சமூகநலத் துறைச் செயலாளர் தலைமையில் அரசு பல்துறைக் குழு அமைத்தது, பாராட்டுகிறோம். அதன் படிப்பினை, வெளியிலிருந்து எவரையேனும் பயிற்சிக்கு அழைக்கும் இராசபாளையத்துப் பள்ளி ஒவ்வொன்றின் ஆசிரியர் அறையிலும் படித்து விவாதிக்கப்பட வேண்டாமா?

இராசபாளையம் நூற்பாலைகளின் ஊர். அதை அடுத்த சத்திரப்பட்டியிலே மருத்துவமனைக் கட்டுத்துணி நெய்கிறார்கள். உலகத்தின் புண்ணுக்கெல்லாம் கட்டுத்துணி தரும் வட்டாரம் இது! ஆலை ஊர்களில் வெளியூர்ப் பெண் பிள்ளைகள் விடுதியிலே தங்குவது வழக்கம். 2014 சூனில் பொள்ளாச்சியில் விடுதியொன்றில் இரு சிறுமியர் வன்கொடுமைக்கு ஆளானபின், அதே ஆண்டு தமிழ்நாட்டில் பெண்கள், குழந்தைகள் தங்கும் விடுதிகளுக்கெனத் தனிச் சட்டம் வந்தது. உரிமம் வேண்டும், காவல் வேண்டும் என்கிறது சட்டம். ஒரு கொடுமை ஒரு சட்டத்தைப் பெற்றது. அந்தச் சட்டத்தின் பிறப்புக் கதையை எத்தனை விடுதிக் காப்பாளர் அறிவர்? கதை தெரிந்தவர் பூட்டைப் பூட்டும்போது ஒரு சிறுமியின் முகத்தை நினைப்பார். தெரியாதவர் பதிவேட்டை மட்டும் நிரப்புவார்.

*

“இவ்வளவு பெரிய நாட்டிலே ஒவ்வொன்றையும் இப்படித் துருவி ஆராய முடியுமா?” என்று கேட்போர் உளர். முடியும் என்பதற்குத் தமிழ்நாடே சான்று! பேறுகாலத்திலே தாய் இறந்தால் “மறுபிறப்பு, விதி” என்று சொல்லிக்கொண்டிருந்த நாடு இது. 1994 முதல் அந்த மரணங்களை ஆராயத் தொடங்கினோம். 2004 முதல் ஒவ்வொரு தாய் மரணத்தையும் ஆராய்ந்தே தீரவேண்டும் என்று விதித்தோம். செவிலியர் வீட்டுக்கே சென்று கேட்கிறார்: வலி எப்போது வந்தது? புறப்பட ஏன் தாமதம்? ஊர்தி ஏன் வரவில்லை? மருத்துவமனையிலே ஏன் காக்கவைத்தனர்? மாவட்ட ஆட்சியர் முன் அது பேசப்படுகிறது. ஓர் இலட்சம் பிறப்புக்கு 2004–06-இல் 111 தாய்மாரை இழந்த தமிழ்நாடு, 2018–20-இல் 54 என்ற அளவுக்கு வந்தது. ஆய்வு மட்டுமே காரணமன்று. மருத்துவமனை, குருதி வங்கி, செவிலியர், 108 ஊர்தி எல்லாம் சேர்ந்து செய்த வெற்றி. ஆனால் எங்கே செவிலியர் தேவை, எங்கே ஊர்தி தேவை என்று சுட்டிக்காட்டியது அந்த ஆய்வு!

தாய்க்குச் செய்யத் தெரிந்த நமக்கு, மகவுக்குச் செய்யத் தெரியாதா? தெரியும், மனம் வரவில்லை. காரணம் உண்டு. தாய் மரணத்தை ஆராய்ந்தால் மருத்துவமனை வெளிப்படும். குழந்தைக்கு நேர்ந்த கொடுமையை ஆராய்ந்தால் நம் வீடு வெளிப்படும். மாமனும் சித்தப்பனும் வெளிப்படுவர். ஆசிரியனும் குருக்களும் பாதிரியும் பங்காளியும் வெளிப்படுவர். சாதி மானம் என்றும் குடும்ப கௌரவம் என்றும் நாம் மூடிவைத்திருக்கும் சாக்கடைக்கு மூடி திறக்கும். அந்த நாற்றத்துக்கு அஞ்சித்தான் குழந்தையை உள்ளே தள்ளி மூடுகிறோம்!

“ஆராய்ந்தால் குழந்தையின் பெயர் வெளிவந்துவிடுமே” என்று கவலைப்படுவோரின் கவலை நல்லதே. பெயரும் முகவரியும் வெளிப்படக்கூடாது என்று போக்சோ சட்டம் திட்டமாகச் சொல்கிறது, அப்படியே காப்போம். படிப்பினைக்குப் பெயர் எதற்கு? “ஒரு சிறுமி, ஒரு பள்ளி, ஐந்து வாயில்கள்” என்று எழுதினால் போதும். “வழக்குக்கு ஊறு நேருமே” என்பர். வழக்கு தன் வழியே செல்லட்டும். ஆய்வு யாரையும் சிறைக்கு அனுப்பக் கேட்கவில்லை. அடுத்த குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பத்தான் கேட்கிறது.

ஆகவே நம் கோரிக்கை இது. குழந்தை கொடுமையால் மாண்டாலும் பெருந்தீங்குற்றாலும், குற்ற வழக்குக்குப் புறம்பாக, குறித்த காலத்துக்குள் படிப்பினை ஆய்வு நடத்தவேண்டும் என்று சட்டம் வேண்டும். குற்றம் சாட்டப்பட்ட துறையே தன்னைத் தான் ஆராய்ந்துகொள்ளல் ஆகாது. குழந்தைகள் உரிமை ஆணையம் போன்ற தனி அமைப்பு நடத்தவேண்டும். யார் எதை எப்போது அறிந்தார், அறிந்தபின் என்ன செய்தார், ஏன் அவ்வாறு செய்தார் என்று அது சொல்லவேண்டும். கடைசிப் படியிலே நிற்கும் எழுத்தரையும் ஆயாவையும் இடைநீக்கம் செய்துவிட்டு, மேற்படியிலே நிற்போர் கைகழுவிக்கொள்ள இடம் தரலாகாது. அறிக்கை, பாமரரும் படிக்கும் தமிழிலே, பத்துப் பக்கங்களுக்குள் இருக்கவேண்டும். ஒவ்வொரு பள்ளிக்கும் விடுதிக்கும் காவல் நிலையத்துக்கும் அது வரவேண்டும். ஓராண்டு கழித்து, சொன்னவற்றுள் எதைச் செய்தீர்கள் என்று கேட்கும் கூட்டமொன்று திருவில்லிபுத்தூரிலும் இராசபாளையத்திலும் பொதுமக்கள் முன்னிலையில் நடக்கவேண்டும்.

சட்டம் வரும்வரை நாம் சும்மா இருப்பதா? இல்லை தோழர்களே! நம் படிப்பகங்கள் எதற்கு இருக்கின்றன? வாரம் ஒருநாள் ஒரு தீர்ப்பை, ஓர் அறிக்கையை எடுத்து உரக்கப் படிப்போம். குடந்தை ஆணையத்தின் பரிந்துரைகளில் நம் ஊர்ப் பள்ளியில் நிறைவேறியவை எவை என்று, 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேட்போம். குடியரசு நாளிலும் மே நாளிலும் விடுதலை நாளிலும் கூடும் கிராமசபையிலே எழுந்து, “இந்த ஊராட்சியின் குழந்தைகள் பாதுகாப்புக் குழு கடைசியாகக் கூடியது என்றைக்கு? குறிப்பேட்டைக் காட்டுங்கள்” என்று கேட்போம். முறைத்துப் பார்ப்பார்கள். “உனக்கேன் இந்த வேலை?” என்பார்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒவ்வோர் ஊரிலும், கொடுமைக்கு முன் எவரோ ஒருவர் கேட்கத் துணியாத கேள்வி அது என்று அமைதியாக விடை சொல்லி, குறிப்பேடு கைக்கு வரும்வரை நின்றுகொண்டே இருப்போம்!